"சிவப்புச் சதை வருது": சர்க்கரைப் புண்ணும் மூலிகைச் சத்துகளும்

காலில் வந்த சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ், பழைய துணியைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டு, "சிவப்புச் சதை வருதுங்க, ஆறிடும்" என்று சொன்னால் வீட்டாருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். "வெளுத்துக் கிடக்கு, டாக்டர்கிட்ட காட்டிடுவோம்" என்றால் முகம் வாடிவிடும். அந்தச் சிவப்புக்குக் காரணம், புண்ணின் அடியில் புதிதாக முளைத்திருக்கும் ரத்தக் குழாய்கள். ஆறுகிற புண்ணை உற்றுப் பார்த்தால் சிறுசிறு மணிகளாகத் தெரியும். ஒவ்வொரு மணிக்குள்ளும் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ரத்தத் தந்துகிகள் வளைந்து நிற்கின்றன. அவை வராவிட்டால் சதை வராது. சதை வராவிட்டால் தோல் மூடாது.

சர்க்கரை நோயில் தடைபடுவது இந்த முளைப்புதான். அதை மறுபடி தூண்டும் சத்துகள் செடிகளில் உண்டா என்று உலகின் பல ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் வல்லாரை, கற்பூரவல்லி, மஞ்சள், சோற்றுக் கற்றாழை என்று நம் வீட்டுக் கொல்லையில் இருப்பவையே நிறைய. இவற்றில் எது மனிதர்களிடம் நிரூபணமானது, எது எலிகளோடு நிற்கிறது, எதில் ஆபத்து இருக்கிறது என்பதைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. இவர்களில் யாருக்கும் ஒரு கால் புண் வரலாம்.

புதுக் குழாய் எப்படி முளைக்கிறது?

தோல் கிழிந்ததும் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் அறுந்து, செல்களுக்கு ஆக்சிஜன் குறைகிறது. அந்தக் குறைவை உணரும் ஒரு புரதம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் ஹிஃப்-1. அது செயல்படும் விதத்தைக் கண்டறிந்ததற்காக கிரெக் செமென்ஸா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஹிஃப்-1 விழித்துக்கொண்டால் செல்கள் விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. பக்கத்து ரத்தக் குழாயின் உட்சுவரில் இருக்கும் எண்டோதீலியச் செல்கள் இந்தச் செய்தியைப் பெற்றதும் சுவரைக் கரைத்துக்கொண்டு வெளியே நகர்கின்றன, பெருகுகின்றன, ஒன்றோடொன்று கோத்து உள்ளே துளையுள்ள குழாயாகின்றன. பிறகு பெரிசைட் என்ற தாங்கு செல்கள் வெளியே வந்து ஒட்டிக்கொண்டு குழாயை உறுதியாக்குகின்றன. குழாய்ச் சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு, குழாயை விரித்து வைப்பதோடு இந்தப் புது வளர்ச்சிக்கும் துணை நிற்கிறது.

இந்த வேலையில் மேக்ரோஃபேஜ் எனப்படும் வெள்ளணுக்களுக்கும் பெரிய பங்கு உண்டு. புண் ஏற்பட்ட முதல் நாள்களில் அவை கிருமியோடு சண்டை போடுகின்றன. சண்டை முடிந்ததும் குணம் மாறி, வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, கட்டுமான வேலையில் இறங்குகின்றன. இந்த மாற்றம் உரிய நேரத்தில் நடந்தால்தான் புண் ஆறும்.

சர்க்கரை எங்கே கெடுக்கிறது?

ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் கெடுக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் உயர்ந்திருந்தால் மெத்தில்கிளையாக்சால் போன்ற கழிவுப் பொருள்கள் சேர்ந்து ஹிஃப்-1 வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. ஆக்சிஜன் குறைந்திருந்தும் செல் அதற்கு ஏற்றபடி விஇஜிஎஃப் சுரப்பதில்லை. ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுவதால் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. மேக்ரோஃபேஜ்கள் சண்டை நிலையிலேயே தங்கிவிடுகின்றன, கட்டுமானத்துக்கு மாறுவதில்லை. குழாய் பழுதுபார்ப்புக்கு எலும்பு மஜ்ஜையிலிருந்து வர வேண்டிய முன்னோடிச் செல்களும் எண்ணிக்கையில் குறைந்து, சுறுசுறுப்பும் இழக்கின்றன.

இதோடு இரண்டு கோளாறுகள் சேர்ந்துகொள்கின்றன. நரம்பு பாதித்து வலி தெரியாமல் போவது ஒன்று. முழங்காலுக்குக் கீழே ஓடும் பெரிய தமனிகளே அடைத்துக்கொள்வது இன்னொன்று. இந்த இரண்டாவதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தமனி அடைபட்டிருக்கும்போது நுண்குழாய்களை மட்டும் முளைக்க வைத்துப் பயனில்லை. அவற்றுக்கு வந்து சேர ரத்தம் வேண்டுமே.

காலில் குறைவு, கண்ணில் மிகுதி

சர்க்கரை நோயில் வேதனையான ஒரு முரண் இருக்கிறது. காலிலும் இதயத்திலும் புதுக் குழாய் தேவையான அளவுக்கு வளர மறுக்கிறது. அதே உடலின் விழித்திரையில் வேண்டாத குழாய்கள் முளைக்கின்றன. விழித்திரையின் நுண்குழாய்கள் அழிந்து ஆக்சிஜன் குறையும்போது அங்கே விஇஜிஎஃப் மிகுதியாகச் சுரக்கிறது. அதனால் முளைக்கும் குழாய்கள் பலவீனமானவை. கசியும், உடையும், கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வையைப் பறிக்கும். கண் மருத்துவர்கள் கண்ணுக்குள் போடும் ராணிபிஸுமாப், பெவாசிஸுமாப் ஊசிகளின் வேலையே விஇஜிஎஃபை முடக்குவதுதான்.

ஆக, ஒரே நோயாளியின் காலுக்கு முளைப்பு தேவை. கண்ணுக்கு முளைப்பு ஆகாது. 'ரத்தக் குழாயை வளர்க்கும் மூலிகை' என்று யாராவது ஒரு மாத்திரையைக் கொடுத்தால், நாம் முதலில் கேட்க வேண்டியது "எங்கே வளர்க்கும்?" என்பதைத்தான். இந்தத் துறையில் இதுவரை உருப்படியாக முன்னேறியவை பெரும்பாலும் புண்ணின் மேலேயே பூசும் மருந்துகள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முட்டை ஓட்டில் ஒரு ஜன்னல்

ஒரு செடிச் சத்து குழாயை வளர்க்கிறதா என்று பார்க்க ஆய்வகங்களில் பழைய, எளிய சோதனை ஒன்று உண்டு. கருவுற்ற கோழி முட்டையைச் சில நாள்கள் வெதுவெதுப்பில் வைத்து, ஓட்டில் சிறு ஜன்னல் வெட்டுவார்கள். உள்ளே கருவைச் சுற்றிய மெல்லிய சவ்வில் ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகக் கிளை பிரிந்து தெரியும். சோதிக்க வேண்டிய சத்தில் நனைத்த சின்னஞ்சிறு வில்லையை அந்தச் சவ்வின் மேல் வைத்து, ஜன்னலை மூடிவிடுவார்கள். சில நாள் கழித்துத் திறந்தால், வில்லையை நோக்கிக் குழாய்கள் புதிதாகக் கிளைத்து வந்திருக்கின்றனவா, விலகிப்போயிருக்கின்றனவா என்று கண்ணாலேயே பார்த்து எண்ணலாம்.

அடுத்த படி, தொப்புள் கொடியிலிருந்து எடுத்த எண்டோதீலியச் செல்களை வளர்த்து அவை குழாய் வடிவில் கோக்கின்றனவா என்று பார்ப்பது. அதற்கடுத்து, ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தால் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளின் முதுகில் புண் உண்டாக்கிப் பார்ப்பது. எலியின் புண் பெரும்பாலும் தோல் சுருங்கியே மூடிக்கொள்ளும். மனிதரின் பாதப் புண்ணோ உள்ளிருந்து சதை வளர்ந்துதான் மூட வேண்டும். அதனால் எலியில் ஆறியது என்பது மனிதருக்கு உத்தரவாதம் ஆகாது. செய்தித்தாளில் 'மூலிகை சாதனை' என்று வரும் பெரும்பாலான ஆய்வுகள் இந்தப் படிகளில்தான் நிற்கின்றன.

செடிகளும் சத்துகளும்

வல்லாரை: ஞாபக சக்திக்கு என்று நாம் சாப்பிடும் இந்தக் கீரையின் முக்கியச் சத்து ஆசியாட்டிகோசைடு. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சத்தைப் பிரித்தெடுத்துச் சர்க்கரை நோய் உள்ள எலிகளின் புண்ணில் பூசியபோது கொலாஜன் கூடி, புதுத் தோலின் உறுதியும் கூடியது. மேலே சொன்ன முட்டைச் சோதனையிலும் அது புதுக் குழாய்களைத் தூண்டியது.

மஞ்சள்: புண்ணுக்கு மஞ்சள் பூசுவது நம் பழக்கம். அமெரிக்காவில் 1995இல் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு வழங்கப்பட்ட 'புண் ஆற்றும் மஞ்சள்' காப்புரிமையை இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு எதிர்த்து வழக்காடி, 1997இல் ரத்து செய்ய வைத்ததும் இந்தப் பழக்கத்தின் சான்றுகளைக் காட்டித்தான். மஞ்சளின் சத்தான குர்குமினைக் களிம்பாக்கி, சர்க்கரை நோயுள்ள எலிகளின் புண்ணில் பூசிய ஆய்வுகளில் விஇஜிஎஃபும் புதுக் குழாய்களும் கூடின. ஆனால், இதே குர்குமின் புற்றுநோய் ஆய்வுகளில் ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுப்பதாகவும் தெரியவந்திருக்கிறது. ஒரே சத்து இடத்துக்கும் அளவுக்கும் தக்கபடி வேறு வேறு வேலை செய்கிறது. தவிர, வாய்வழி சாப்பிடும் குர்குமினில் மிகச் சிறிதளவுதான் ரத்தத்தில் சேர்கிறது.

சோற்றுக் கற்றாழை: இதன் சோற்றிலிருந்து பிரித்த பீட்டா சிட்டோஸ்டெரால் முட்டைச் சோதனையில் குழாய் வளர்ச்சியைத் தூண்டியது என்று 1999இல் ஓர் ஆய்வு வந்தது. சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணுக்கு நம்பி எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை.

மரமஞ்சள்: இதிலுள்ள பெர்பெரின் செல்லுக்குள் ஆற்றல் சமநிலையைக் கவனிக்கும் ஏஎம்பிகே என்ற நொதியைத் தூண்டுகிறது, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு குறைக்கிறது. குழாய்ச் சுவரின் நலத்துக்கு உதவக்கூடும் என்பது ஆய்வக அளவிலான எதிர்பார்ப்பு. வேறு மருந்துகளோடு மோதும் குணமும் இதற்கு உண்டு.

ஜின்செங்: இந்தத் துறைக்கே பாடம் சொன்ன வேர் இது. கொரியாவிலும் சீனாவிலும் விளையும் ஜின்செங்கில் ஆர்ஜி1, ஆர்பி1 என்று இரண்டு சத்துகள் இருக்கின்றன. முதலாவது ரத்தக் குழாயை வளர்க்கிறது, இரண்டாவது தடுக்கிறது. 2004இல் ஷிலாதித்ய சென்குப்தாவும் சக ஆய்வாளர்களும் இதை வெளியிட்டார்கள். ஒரே வண்டியில் ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் இருப்பதுபோல ஒரே வேரில் இரண்டும் இருக்கின்றன. எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்துப் பலன் நேர்மாறாகிவிடும். செடியின் இனம், பக்குவம் செய்த முறை எல்லாம் இந்த விகிதத்தை மாற்றும். 'இயற்கையானதுதானே' என்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட முடியாததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மனிதரிடம் சோதித்து வென்ற ஒன்று

வல்லாரை, கற்பூரவல்லி இரண்டின் சாற்றையும் சேர்த்து தைவானில் ஒரு களிம்பு உருவாக்கினார்கள். ஓஎன்101 என்பது அதன் ஆய்வுப் பெயர். அமெரிக்கா, சீனா, தைவான் ஆகிய நாடுகளின் 21 மருத்துவ மையங்களில், பாதப் புண் உள்ள 236 சர்க்கரை நோயாளிகளிடம் இதன் மூன்றாம் கட்டச் சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு நாளுக்கு இரண்டு வேளை களிம்பு. மற்றப் பிரிவினருக்கு ஈரத்தை உறிஞ்சும் கட்டு. 16 வாரங்கள் பார்த்தார்கள். களிம்பு பூசிய 122 பேரில் 74 பேருக்குப் புண் முழுமையாக மூடியது, அதாவது 60.7 சதவீதம். கட்டு மட்டும் போட்ட 114 பேரில் 40 பேருக்கு மூடியது, 35.1 சதவீதம். முடிவு 2021இல் வெளியானது. அதே ஆண்டு தைவான் அரசு இதை மருந்தாக ஏற்றது.

இது எப்படி வேலை செய்கிறது? சண்டை நிலையில் சிக்கிக்கொண்ட மேக்ரோஃபேஜ்களைக் கட்டுமான நிலைக்குத் திருப்புகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். குழாயை நேரடியாக இழுத்து வளர்ப்பதைவிட, வளர்க்க வேண்டிய செல்களை மறுபடி வேலைக்கு அனுப்புவது நிதானமான வழி.

நம் கொல்லைச் செடிகளுக்குக் கிடைத்த இந்த வெற்றி உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆனால், அதன் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சோதனையை நடத்தியது மருந்தைத் தயாரித்த நிறுவனம். யாருக்கு எது தரப்படுகிறது என்பது நோயாளிக்குத் தெரியும். சேர்க்கப்பட்டவை எலும்பை எட்டாத புண்கள். அவையும் அழுகல் நீக்கிச் சுத்தம் செய்யப்பட்டவை. களிம்பு பூசியும் ஐந்தில் இரண்டு பேருக்கு 16 வாரத்தில் மூடவில்லை. இது நல்ல துணை மருந்து. சர்வரோக நிவாரணி அல்ல.

இலையை அரைத்துப் பூசலாமா?

கூடாது. களிம்பில் இருப்பது அளவிட்டுப் பிரித்த, கிருமியில்லாத சாறு. கொல்லையில் பறித்த இலையில் மண்ணும் கிருமியும் இருக்கும். சத்தின் அளவும் செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். வலி தெரியாத, ரத்த ஓட்டம் குறைந்த காலில் பச்சிலை வைத்துக் கட்டினால் உள்ளே சீழ் பிடிப்பதே தெரியாமல் போய், விரலை இழந்தபின் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் மத்தன் தைலம் போன்ற வெளிப்பூச்சுகள் ஆறாத புண்ணுக்கு உண்டு. அவற்றையும் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் புண்ணைப் பார்த்துச் சொன்னால் மட்டுமே பயன்படுத்த வேண்டும். சர்க்கரை மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

வல்லாரைத் துவையலும் சமையல் மஞ்சளும் சாப்பிடுவதில் தடையில்லை. கேப்ஸ்யூல் வேறு விஷயம். மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. விழித்திரை பாதிப்பு உள்ளவர்கள், புற்றுநோய் இருப்பவர்கள் அல்லது இருந்தவர்கள், 'ரத்தக் குழாய் வளர்க்கும்' என்று விற்கப்படும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. புற்றுக் கட்டியும் புது ரத்தக் குழாய்களை நம்பித்தான் வளர்கிறது என்பதை ஜூடா ஃபோக்மன் 1971இலேயே எடுத்துச் சொன்னார்.

செடியிலிருந்து மருந்துக்கு வரும் பாதை எப்படி இருக்கும் என்பதற்கு நீங்கள் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மினே சாட்சி. ஐரோப்பாவின் கேலிகா என்ற செடியில் இருந்த சத்து சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் நச்சுத்தன்மையும் இருந்தது. அதன் வேதி அமைப்பை ஒட்டி உருவாக்கிய பாதுகாப்பான மூலக்கூறுதான் மெட்ஃபார்மின். 1922இல் அது தயாரிக்கப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குத் தந்து முடிவுகளை வெளியிட்டது 1957இல். இடையில் 35 ஆண்டுகள்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

கொல்லிமலையில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தவர் டாக்டர் பால் பிராண்ட். உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வருவதற்கும் ஆறாமல் இழுப்பதற்கும் முதன்மைக் காரணம், வலி தெரியாமல் அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம் என்று அவர் காட்டினார். சர்க்கரைப் பாதத்துக்கும் அந்த உண்மை அப்படியே பொருந்துகிறது. புண்மேல் காலூன்றி நடந்துகொண்டே இருந்தால் முளைக்கிற குழாய்கள் ஒவ்வோர் அடியிலும் நசுங்கும். எந்த மூலிகையும் அதை ஈடுகட்டாது.

புண் இருந்தால் அந்த இடத்தில் எடை விழாமல் இருக்க மருத்துவர் சொல்லும் மாவுக்கட்டோ தனிச் செருப்போ அணியுங்கள். காலுக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று டாப்ளர் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். பெரிய தமனியில் அடைப்பு இருந்தால் ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ செய்து வழிதிறப்பதுதான் முதல் வேலை. களிம்பு அதற்குப் பிறகு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள். புகை ரத்தக் குழாயைச் சுருக்குகிறது.

புண் இல்லாதவர்கள் தினமும் ராத்திரி பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்காதீர்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் எம்சிஆர் எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்குங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை பாத உணர்ச்சிப் பரிசோதனையும் விழித்திரைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

பாதத்தில் சிறு கொப்புளமோ கீறலோ கண்டால் அதை எந்தப் பச்சிலையாலும் மூடி மறைக்காதீர்கள். சுத்தமான துணியால் கட்டிக்கொண்டு, வலி இல்லாவிட்டாலும், மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.